துவர்நீர்

சத்தியவேட்டில் ஒரு கடைக்காரர் அந்தப் புட்டியைக் கையில் வாங்கி, முன்பக்கம் அச்சாகியிருந்ததைப் படித்துவிட்டு, இதை என் கடையில் வைக்க மாட்டேன் என்று நின்ற நிலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கொடுத்த கையைக் கழுவிக்கொண்டும் வந்தாராம். போனில் இதைச் சொன்ன ஜெகநாதனுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

"'சூனியக்காரி நீர்'னு போட்டுக்கிறாங்க மேடம். தெலுங்குல 'மந்த்ரகத்தெ நீள்ளு'. கம்பெனில யாரோ இங்கிலீஷ அப்படியே போன்ல குடுத்து மாத்தி, பிரிண்டுக்கும் அனுப்பிட்டாங்க. மூஞ்சிக்குப் போடுற தண்ணிக்கு இப்படியா பேரு வெப்பாங்க?"

"இங்கிலீஷ்ல இன்னா பேரு?"

"விட்ச் ஹேஸல்."

ஷோபாவும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "மொதல்ல புட்டிய அனுப்புங்க. பாக்காம எழுத மாட்டேன்," என்றாள்.

அது அவளுடைய பிடிவாதம். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மிஷின் மேல் ஒட்டும் எச்சரிக்கை, கேண்டீன் விதிமுறை, பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத்தாள் என்று எது வந்தாலும் எழுதுவாள். ஆனால் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். தீயணைக்கும் சிலிண்டருக்கு எழுதச் சொன்னபோது, ஒன்றை அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டு, திருப்பதியில் ஜெகநாதனின் ஆபீஸ் வாசலையே வெள்ளை மாவாக்கிவிட்டு வந்தாள். கம்பெனிகளிடம் வேலையை வாங்கி அவளுக்கு அனுப்புகிறவர் அந்த ஜெகநாதன்தான். பெரும்பாலும் போனில்தான் இருவருக்கும் பழக்கம். வீட்டு விஷயம் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

புட்டிகள் பஸ் பார்சலில் வந்தன. ஷோபாவின் கணவன் காலேப் டாக்ஸி ஓட்டுகிறவன். காணிப்பாக்கத்துக்கும் திருப்பதிக்கும் சாமி கும்பிட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பாதி நாள் ரோட்டிலேயே இருப்பான். சவாரி முடிந்து வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பார்சலை வாங்கி வந்து அவள் மேசைமேல் வைத்தான்.

ஒரு புட்டி, சூனியக்காரி அச்சிட்டது. இன்னொன்று அமெரிக்காவில் விற்கிற அசல் புட்டி. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஷோபா அசல் புட்டியின் மூடியைத் திறந்து மோந்தாள். மழையில் நனைந்த விறகைப் பிளந்தால் வருகிற வாசனை. அதற்குப் பின்னால், ஊசி போடுமுன் கையில் தடவுகிற பஞ்சின் வாசனை. பார்க்க வெறும் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, நுரை இல்லை.

தேடிப் படிக்க ஆரம்பித்தவள் அன்று சோறு வடிக்கவே மறந்தாள். அது அமெரிக்கக் காட்டில் வளரும் ஒரு புதர். மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாகிற குளிரில், இது மட்டும் காகிதத்தை நறுக்கித் தொங்கவிட்டது போல மஞ்சளாகப் பூக்குமாம். பட்டையையும் குச்சிகளையும் வேகவைத்து, ஆவியைப் பிடித்து இந்த நீரை எடுக்கிறார்கள். பெயரில் இருக்கிற 'விட்ச்' சூனியக்காரியே இல்லை. வளைகிறது என்று பொருள்படும் பழைய சொல் ஒன்று, காலப்போக்கில் சூனியக்காரியோடு உச்சரிப்பில் ஒட்டிக்கொண்டது. இதைப் படித்ததும் ஷோபா கம்ப்யூட்டர் முன்னாலேயே கைதட்டினாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் சத்தியநாதன், "இன்னாம்மா ஆச்சு?" என்று எட்டிப் பார்த்தார்.

"சூனியக்காரி செத்துட்டா மாமா."

அவர் ஒன்றும் புரியாமல் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் அந்த நீர் படாத இடமில்லை. கணுக்காலில் கொசு கடித்துத் தடித்திருந்த இடத்தில் பஞ்சால் ஒற்றினாள். சில்லென்று இறங்கி, அரிப்பு அடங்கியது. வெயிலில் வெளியே போய் வந்து முகத்தைத் துடைத்தாள். எண்ணெய் போய்த் தோல் லேசாக இழுத்துப் பிடித்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடியில் தாளிப்புப் புகை படிந்திருந்த பிசுக்கு ஒரே துடைப்பில் வந்துவிட்டது. அந்தத் தெம்பில் பாத்ரூம் கண்ணாடிக்குப் போனாள். சித்தூர் போர்வெல் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வைத்திருந்தது. தேய்த்தாள், ஊறவிட்டாள், மறுபடி தேய்த்தாள். உப்புக் கறை அசையவே இல்லை. 'எல்லாக் கறையும்' என்று எழுதக்கூடாது, எண்ணெய்க் கறை என்றுதான் எழுத வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

பெயர்தான் கிடைக்கவில்லை. விட்ச் ஹேஸல் என்றே தமிழ் எழுத்தில் போட்டால் வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு மாலை, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பஞ்சு தவறி உதட்டில் பட்டது. நாக்கால் தொட்டுவிட்டாள். உள்ளுதடு சுருங்கிப் பல்லோடு ஒட்டியது. பழுக்காத கொய்யாவைக் கடித்தால் வாய் என்ன பாடுபடுமோ அந்தப் பாடு. உடனே கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஈர வாயோடு ஓடிவந்து கம்ப்யூட்டரில் அடித்தாள்: துவர்நீர். தெலுங்கில் வகரு நீரு. தோலை இழுத்துப் பிடிக்கிற குணமும் அதில் வந்துவிட்டது, படிக்கிறவர்களுக்குப் பயமும் இல்லை. அவளுக்கே தன்மேல் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் புட்டி குறைவதைக் கவனித்தாள்.

தோள்வரை இருந்த நீர் இடுப்புக்கு இறங்கியிருந்தது. அவள் இரண்டு நாளாக அதைத் தொடவே இல்லை. மூடி ஒழுகுகிறதோ என்று புட்டியை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். கிண்ணம் காய்ந்தே கிடந்தது. ஆவியாகவும் வழியில்லை. ஆனாலும் புட்டி மேலும் கொஞ்சம் இறங்கியது.

"மாமா, டேபிள் மேல இருந்த தண்ணிய நீங்க எடுத்தீங்களா?"

சத்தியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் நீட்டினார். பளபளவென்று இருந்தது. "ரெண்டு சொட்டும்மா. தொடைச்சுப் பாத்தேன், நல்லா போச்சு. வேற ஒண்ணுக்கும் எடுக்கல," என்றார். அவர் சொன்னால் அவ்வளவுதான், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இரண்டு சொட்டில் புட்டி பாதியாகாது. வீட்டில் மிச்சமிருப்பது காலேப். அவன் பவுடர்கூடப் போடாதவன். ஷேவ் பண்ணியபின் எரிகிறது என்று எடுத்திருப்பானோ? சாப்பாட்டின்போது கேட்டுப் பார்த்தாள்.

"ஷேவிங்குக்கு அந்தத் தண்ணி போட்டீங்களா?"

"ம்? இல்லியே," என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னான். ஊறுகாய் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று தலையாட்டினான். நெஞ்செரிச்சல் என்று கொஞ்ச நாளாகவே ஊறுகாயை விட்டிருந்தான்.

ஷோபாவுக்குக் கோபமில்லை. யார், எதற்கு என்று தெரியாததுதான் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வாசகம் முடிந்ததும் ஜெகநாதன் கூப்பிட்டார். கம்பெனி மேனேஜர் திருப்பதிக்கு வருகிறாராம், நேரில் பேசி முடித்துவிடலாம் என்றார். காலேப்புக்கு அன்று சவாரி இல்லை. இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். பூதலப்பட்டு தாண்டியதும் ரோடு அகலமாகியது. இரண்டு பக்கமும் மாந்தோப்புகள். ஷோபா மடியிலிருந்த தாளை எடுத்தாள். எழுதியதை யாருக்காவது படித்துக் காட்டாமல் கொடுத்தால் அவளுக்குத் திருப்தி வராது.

"கேளுங்க. புரியலைன்னா சொல்லுங்க."

கொசுக்கடி, முகம், ஷேவிங் எரிச்சல் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். காலேப் ம் கொட்டிக்கொண்டே ஓட்டினான். அசல் புட்டியில் இருந்த ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்திருந்ததால் அந்த வரியும் வந்தது.

"'மூல நோயினால் ஆசனவாய்ப் பகுதியில் உண்டாகும் எரிச்சலுக்கு இதமளிக்கும்.'"

"ஆசனவாய்ப் பகுதின்னா எவனுக்குப் புரியும்? மூலம்னு போடு, போதும்."

"சரி."

"அப்புறம், எரிச்சல் அடங்கும்னு மட்டும் எழுதிக்கிறே. எவ்ளோ நேரம்னு எழுதலியே. கொஞ்ச நேரந்தான் அடங்கும். பஞ்ச நனைச்சு வெச்சுக்கினு படுத்தா இன்னும் கொஞ்சம் தாங்கும். ரத்தம்லாம் நிக்காது."

ஷோபா தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ரத்தமா?"

முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. இடது கையை சீட்டில் ஊன்றி, உடம்பை லேசாகத் தூக்கி, வண்டி ஏறி இறங்கியதும் மெல்லக் கீழே வைத்தான். கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு மேட்டிலும் அவன் அப்படிச் செய்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். டிரைவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சில மாதமாக அவன் பெஞ்சில் உட்காராமல் கடைசியில் நின்றுகொண்டே ஜெபிப்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விடுகிறான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கற்பித்திருந்தாள். ஊறுகாயும் அப்படித்தான்.

"எத்தினி நாளா?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாலேர்ந்து."

மாம்பழ சீசனே முடிந்து போயிருந்தது.

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது?" என்றான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த நோய்க்கு மூன்று மொழியில் பெயர் தெரிந்தவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், அவளிடம் ஒரு மொழியிலும் சொல்லவில்லை. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு கேள்விகள் வந்தன. எப்படிச் சமாளித்தான்? நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிறவன் எப்படி ஓட்டினான்? அவற்றையெல்லாம் அப்படியே கேட்டாள். அவள் திட்டாமல் கேட்கக் கேட்க அவனுக்கும் வாய் திறந்தது. தெரிந்த முகம் எதிர்ப்படாது என்று திருப்பதி மெடிக்கல் ஷாப்புகளில் களிம்பு வாங்கினானாம். சீட்டில் துண்டை வளையமாகச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஓட்டினானாம்.

"அப்புறம் நீ அந்தப் புட்டிய டேபிள் மேல வெச்சே. பின்னால இங்கிலீஷ்ல போட்டிருந்துது. எடுத்துப் பாத்தேன். எரிச்சலுக்கு நல்லாதான் கேட்டுது."

"டாக்டரப் பாக்கலாம் இல்ல?"

சந்திரகிரி கோட்டை மதில் தெரியத் தொடங்கியது. காலேப் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி நின்றுதான் டீ குடித்தான். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்:

"பெரிய நைனாவுக்கும் இப்படித்தான ஷோபா ஆரம்பிச்சுது."

அவனுடைய பெரியப்பா குடலில் புற்றுநோய் வந்து இறந்தவர். அவருக்கும் முதலில் மூலம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷோபா கல்யாணமாகி வந்த புதிதில் நடந்த சாவு அது. டாக்டரிடம் போகாதவரை அது வெறும் மூலமாகவே இருக்கும் என்று இவன் இத்தனை மாதமும் ஓட்டிவிட்டான்.

அவள் ஜெகநாதனுக்குப் போன் போட்டாள். "வர லேட் ஆவும் சார். மேனேஜர உக்கார வெய்ங்க," என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

திருப்பதியில் ஒரு சர்ஜனின் கிளினிக்கை விசாரித்துப் போய்ச் சேர்ந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் காலேப் எழுந்தான். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினான். "நீயும் வா," என்றான்.

டாக்டர் தெலுங்குக்காரர், சின்ன வயது. திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "பயபடகண்டி" என்றார், பயப்பட ஒன்றுமில்லை என்று. மூலம்தான், முற்றவில்லை, அறுக்கத் தேவை வராது. ஆனால் பெரியப்பா கதையைக் கேட்டபின், குழாய் விட்டு உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரை நிறையத் தண்ணீர், கீரை, பழம், அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி உட்காருவது, ரோட்டில் அடிக்கடி இறங்கி நடப்பது. காலேப் எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினான்.

ஷோபா கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது போட்டாரு டாக்டர். சரியா, தப்பா?"

டாக்டர் திருப்பித் திருப்பிப் படித்தார். தப்பில்லை என்றார். மேல் தோலுக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சாராயம் சேர்ந்திருந்தால் புண்ணில் எரியும். "ரத்தம் பாத்தா மட்டும் இதையே தடவிக்கினு வீட்ல உக்காரக்கூடாது. அந்த ரத்தம் எங்கேர்ந்து வருதுன்னு யாராவது பாக்கணும்." நோயாளிகளோடு பேசிப் பேசி அவருக்கும் இந்தப் பக்கத்துத் தமிழ் வந்திருந்தது.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும், ஷோபா தாளை மடியில் வைத்து, அடியிலிருந்த நீண்ட எச்சரிக்கையை அடித்துவிட்டு ஒரு வரி எழுதினாள்.

ஜெகநாதனின் ஆபீஸில் மேனேஜர் காத்திருந்து அலுத்துப் போயிருந்தார். ஆனால் 'துவர்நீர்' என்ற பெயரைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தெலுங்குப் பெயருக்கும் தலையாட்டினார். மூலம் என்ற வரி வந்ததும் பேனாவால் அடித்தார்.

"இது காஸ்மெடிக் லைசென்ஸ்ல போறது மேடம். நோய்ப் பேரு போட்டா மருந்தாயிடும். அதுவும் இல்லாம, மூலம்னு எழுதினதை எந்தப் பொண்ணு மூஞ்சில போடுவா?"

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. "அத எடுத்துடுங்க. கீழ இருக்கிற வரி மட்டும் இருக்கட்டும்," என்றாள்.

மேனேஜர் படித்தார். "'வெளிப்பூச்சுக்கு மட்டும். ரத்தம் கசியும் இடத்தில் இதை நம்பி இருக்காமல் மருத்துவரிடம் காட்டவும்.' இது ஒரிஜினல்ல இல்லியே?"

"ஒரிஜினல்லயும் ரத்தம் வந்தா டாக்டரப் பாருன்னுதான் போட்டிருக்கு. நீளமா இருந்துது, சுருக்கிட்டேன்."

"இடம் பத்தாது மேடம்."

"எழுத்தச் சின்னதாக்குங்க. இல்லாட்டி அந்தப் பூ படத்தச் சின்னதாக்குங்க. இந்த வரி இல்லாட்டி, நான் எழுதினதும் வேணாம், 'துவர்நீர்'ங்கிற பேரும் வேணாம்."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பக்கமும் சமாதானம் பேசுகிறவர் ஜெகநாதன். அன்று அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "இருக்கட்டும் சார். நல்லதுதான?" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பூவைச் சிறியதாக்க ஒத்துக்கொண்டார்.

குறித்த நாளில் காலேப்புக்கு உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வேறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். காலேப் வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்தவன், ஏறாமலே திரும்பினான். "பசிக்குது, எதுனா துன்னலாமா?" என்று கேட்டான். இட்லிக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டான். ரத்தம் சீக்கிரமே நின்றது. எரிச்சல் போகத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

புட்டி அச்சாகிக் கடைக்குப் போனபின் ஒரு சாயங்காலம் ஜெகநாதன் போன் செய்தார். புது வேலை என்று நினைத்து ஷோபா எடுத்தாள். அவர் குரல் வழக்கம்போல இல்லை.

"மேடம், நீங்க ஒரு வரி எழுதியிருந்தீங்க இல்ல, ரத்தம்னு."

"ஆமா சார்."

"அது... கொஞ்சமா வந்தாலும் காட்டணுமா?"

ஷோபா பதில் சொல்ல வாயெடுத்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த காலேப், போனில் கசிந்த குரலைக் கேட்டு நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"குடு, நான் பேசறேன்."

போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஷோபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவோரம் வந்து நின்றாள். அவன் வேப்பமரத்தடியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தான். அதிகம் பழகாத ஒருவரிடம், அவளிடம் மாதக்கணக்கில் சொல்லாததையெல்லாம் வரிசையாகச் சொல்வது கைவீச்சிலேயே தெரிந்தது. "அதுல இன்னா சார் வெக்கம்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு கட்டத்தில் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரித்திருக்க வேண்டும், போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தான்.

திரும்பி வந்து போனை அவள் கையில் கொடுத்தான்.

"இன்னா சொன்னாரு?"

"பயப்படறாரு ஷோபா. கூட ஒரு ஆளு வந்தா போவாரு. நாளைக்குக் காலைல திருப்பதிக்குப் போயி, நானே அவரக் கூட்டிக்கினு போறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கீரையை ஆயத் தொடங்கினான்.